வெள்ளைக்காரப் பெரியவருக்கு இடம் பார்த்த விவரம்

உய்தா, பெனின்
வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

அன்பு மகன் ரோமுவால்டுக்கு,

உன் தகப்பன், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் பர்னபே, மாதாவின் துணையோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் கோழிகளும் மேற்குப் பக்கத்துக் கூரையும் நலம். அங்கே கோட்டோனுவில் உன் நலமும், உனக்கு நிச்சயமான லியோகாடியின் நலமும், அவளைப் பெற்றவர்கள் நலமும், உன் மோட்டார் சைக்கிளின் நலமும் அறிய ஆவல். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "சரிப்பா, சரிப்பா" என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. நீ என் தலையில் கட்டிவிட்டுப் போன பாம்பு இந்த வீட்டில் இல்லை. "அது இருக்கிற அறையில நான் குடித்தனம் பண்ண மாட்டேன்" என்று லியோகாடி சொல்லிவிட்டாள், எப்படியாவது நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள் அப்பா என்று நீ கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாயே, கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளையும் அவள் அப்பாவையும் அழைத்துக்கொண்டு வா, கல்யாணத் தேதியைப் பேசி முடித்துவிடலாம். இருப்பது ஒரே மகன். ஒரு பாம்பால் அவன் கல்யாணம் நின்றுபோயிற்று என்று ஊர் பேசினால், மாதா கோயில் பாட்டுக்குழுவில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? அதற்காகத்தான் இத்தனை பாடும். என்ன பாடு என்று கேள்.

நீ சொல்லிவிட்டுப் போனது எல்லாம் எனக்கு மனப்பாடம். காட்டில் விடக் கூடாது, அது வெள்ளைக்காரர்கள் நாட்டில், லியோனில் ஒரு கடைப் பெட்டிக்குள் பிறந்தது, இரை பிடிக்கத் தெரியாது, உடம்போ இரண்டு முழ நீளம், வாழைப்பழ நிறம், பருந்துக் கண்ணுக்குத் தப்பாது, வெளிநாட்டு நோய் எதையாவது நம் ஊர்ப் பாம்புகளுக்கு ஒட்டவைத்தாலும் வைக்கும். எல்லாம் சரி. ஆனால் இந்த ஊரில் மலைப்பாம்பு என்றால் ஊரே கும்பிடுகிற பெரியவர் என்பதை லியோனில் படித்துவிட்டு வந்த நீ மறந்துவிட்டாயே, அதற்கு நான் யாரைத் திட்டுவது? நீ போன மறுநாளே வீடு கூட்ட வந்த அஃபியாவி உன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள், துடைப்பத்தைக் கீழே போட்டாள், முழங்கால் போட்டாள்.

"ஐயையோ மாஸ்டர் ஐயா! பெரியவரைப் பெட்டியில அடைச்சு, தலைக்கு மேல விளக்கு வேற போட்டு வெச்சிருக்கீங்களே! அவர் என்ன வறுக்கிற கோழியா?"

"அது சூட்டுக்குப் போட்ட விளக்கு, அஃபியாவி. என் பையன் வளர்க்கிறான்."

"வளர்க்கிறாரா? பெரியவரை இவர் வளர்க்கிறாரா? அவர்தான்யா நம்மளை வளர்க்கிறாரு!"

அவ்வளவுதான். மூடியைத் திறந்து, இரண்டு கையிலும் பூப்போல ஏந்தி, கிளம்பிவிட்டாள். நான் பாதிச் சவரத்தில் இருந்தேன். ஒரு கன்னம் மழித்தது, ஒரு கன்னம் சோப்பு நுரை, ஒரு காலில்தான் செருப்பு, அப்படியே பின்னால் ஓடினேன், ஓடி என்ன பிரயோஜனம், பெரியவரை ஏந்திப் போகிறவளை வழிமறித்தால் ஊர் என்னைச் சும்மா விடுமா? சந்தையில் மீன் விற்கிறவர்கள் எழுந்து நின்றார்கள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஓரம் கட்டின, பிள்ளைகள் மட்டும் மரியாதை தெரியாமல், வெள்ளைக்காரர்களைக் கண்டால் கத்துவார்களே அதே மாதிரி "யோவோ! யோவோ!" என்று கத்திக்கொண்டு கூடவே வந்தார்கள். அது தலையை நடுவில் செருகிப் பந்தாகச் சுருண்டுகொண்டது. "வெட்கப்படறாரு பாருங்க" என்றாள் ஒருத்தி. இப்படியாக எங்கள் ஊர்வலம், மலைப்பாம்புகள் குடியிருக்கும் கோயிலான நம் பேட்டைப் பாம்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே பூசாரி ஸின்சூ விவரம் தெரிந்த மனிதர். இது நம் வம்சம்தான், ஆனால் நாடு வேறு என்று சொல்லி, தம்முடைய பாம்புகளோடு கலக்காமல் தனியாக ஒரு பானையில் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் காலையில் அவரே பானையோடு என் வாசலில் நிற்கிறார், பின்னால் பாதித் தெரு நிற்கிறது.

"மாஸ்டரே, நம்ம ஆளுங்க சாயங்காலமாக் கிளம்பிப் போய், அவங்கவங்க பாட்டைப் பார்த்துக்கிட்டுத் திரும்பி வந்துடுவாங்க. இவரு மூலையில உட்கார்ந்து தட்டு வரும்னு காத்துக்கிட்டிருக்காரு. உங்க பையன் மாதிரியே இருக்காரு. நீங்களே வெச்சுக்கோங்க."

பெரியவரைக் கொண்டுவந்து விட்டவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? உட்கார வைத்தேன், சோடாபி ஊற்றினேன், கிறிஸ்துமஸுக்கு என்று ஒளித்து வைத்திருந்த பனஞ்சாராயம், ஒரே காலையில் காலி. அதன் பிறகு இதுவே வாடிக்கையாகிவிட்டது. தபால்காரர் வந்தால் மூடியைத் திறப்பார், தக்காளிக்காரி வந்தால் மூடியைத் திறப்பாள், பெரியவர் பாம்பு வீட்டுக்குப் போவார், ஸின்சூ பானையில் போட்டுத் திருப்பி அனுப்புவார், கொண்டுவருகிறவர்கள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்கள். உன் அம்மா போனதிலிருந்து இந்த வீட்டுக் கதவை மின்சாரக் கணக்கு எடுக்கிறவன் தவிர ஒருவனும் தட்டியதில்லை. இப்போது கதவுக்குத் தாழ் போடவே நேரமில்லை.

சாப்பாட்டுக் கதையைக் கேள். நீ பனிப்பெட்டியில் வைத்துப்போன எலிகள் தீர்ந்தன. என்ன பெரிய விஷயம் என்று பொறி வைத்து ஒரு சுண்டெலியைப் பிடித்து உயிரோடு உள்ளே விட்டேன். உன் பாம்பு அதைப் பார்த்தது. பின்வாங்கியது. எலி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நேராகப் பாம்பின் தலைமேல் ஏறி உட்கார்ந்து மீசையைக் கழுவ ஆரம்பித்துவிட்டது. பாம்பு என்னைப் பார்த்தது பார், நான் என்னடா தப்புப் பண்ணினேன் என்கிற மாதிரி, எனக்கே மனசு கேட்கவில்லை, பாம்பைக் காப்பாற்றுவதற்காக எலியை வெளியே எடுத்தேன். அப்புறம் செத்த எலியை வெந்நீரில் சூடுபடுத்தி, இடுக்கியில் பிடித்து, உயிர் இருக்கிற மாதிரி ஆட்டிக் காட்டினால்தான் துரை வாயைத் திறப்பார் என்று கண்டுபிடித்தேன். ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டிய கை, ரோமுவால்ட்! ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், முதலில் தொடவே கூசியது, ஈரமாக வழவழவென்று இருக்கும் என்று நினைத்தேன், அப்படியெல்லாம் இல்லை, உலர்ந்து, நல்ல தோல் பெல்ட் மாதிரி இருந்தது. வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கினால் தானாக மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. கால்பந்து வர்ணனை கேட்கிறபோது கையில் இருந்தால் தொந்தரவே இல்லை.

சரி, வரன் பார்த்த கதைக்கு வருகிறேன். பாம்புக்கு நல்ல இடம் வேண்டும் என்று சொல்லி வைத்ததும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தன் கடற்கரையில் சுற்றுலாக்காரர்கள் கழுத்தில் போட்டுப் படம் எடுக்கிறவன், நாள் முழுக்க வெயிலில் கழுத்து மாற்றிக் கழுத்து, போடா என்றேன். இன்னொருத்தர் லாட்டரிக்காரர், பாம்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்த எண்ணை எடுப்பாராம், எழுந்து போங்கள் ஐயா என்றேன். வடக்கே இருந்து வந்த ஒரு லாரி டிரைவர் எத்தனை கிலோ தேறும் என்று கேட்டார், அவரைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு போனேன். சொந்த வீடா, வாடகையா, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் பூனை உண்டா, கரண்ட் போனால் சூட்டுக்கு என்ன செய்வாய் என்று ஒவ்வொருவரையும் குடைந்து எடுத்துவிட்டேன். உனக்குப் பெண் கேட்கப் போனபோதுகூட நான் இத்தனை கேள்வி கேட்கவில்லை. அவள் தாய்வழி யார் எவர் என்றுகூட நானும் விசாரிக்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் ஒருநாள் நானே மூடியைச் சரியாகச் சாத்தாமல் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் பெட்டி காலி. கட்டிலுக்கு அடியில், அரிசிப் பானையில், உன் அம்மாவின் தொப்பிப் பெட்டியில் எல்லாம் தேடி, எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அப்போது கதவு இடிபடுகிறது. கையால் தட்டவில்லை, யாரோ காலால் உதைக்கிறார்கள். திறந்தால், எதிர்வீட்டுத் தச்சன் ஹூன்சா! கூரைத்தண்ணீர் என் முற்றத்தில் விழுகிறது என்று நான் சண்டை போட்டதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன். அவன் பட்டறை மரச்சீவலுக்குள் சுகமாகப் படுத்திருந்ததாம் பாம்பு. பெரியவரைக் கண்டால் வீடு சேர்க்காமல் விடக் கூடாதே, பகையாளி வீடாக இருந்தால் என்ன? ரெண்டு கையிலும் பாம்பு. என்னை நோக்கி விரலை நீட்டக்கூட அவனுக்கு வழியில்லை.

"நான் உங்களோட பேச வரலை. பெரியவரை விட வந்தேன். வாங்கிக்கோங்க."

"உட்காரு, ஹூன்சா."

"உட்கார மாட்டேன். இதென்ன பெட்டி? ஒரு தாழ் உண்டா, ஒரு கொண்டி உண்டா? மனுஷன் செஞ்ச பெட்டியா இது?"

"லியோன்ல செஞ்சது."

"அதான் பார்த்தேன்."

பாம்பு அவன் சட்டைக் கைக்குள் புகுந்துகொண்டு வர மறுத்துவிட்டதால் உட்காரத்தான் வேண்டியிருந்தது. அது வெளியே வருவதற்குள் கூரைத்தண்ணீர் விவகாரத்தைப் பேசி முடித்துவிட்டோம். மறுவாரம் இரோக்கோ மரத்தில், காற்றுத் துளையும் பித்தளைக் கொண்டியுமாக ஒரு பெட்டி செய்து கொண்டுவந்தான். நம் வீட்டு அலமாரிகூட அவ்வளவு நேர்த்தி இல்லை.

கடைசியில் அந்த டாக்டரம்மாவைக் கண்டுபிடித்ததும் ஹூன்சாதான். கலாவி ஊரில் சோலாஞ்ச் என்று ஒரு மிருக வைத்தியர், வேண்டாமென்று கைவிடப்படுகிற பாம்புகளையும் ஆமைகளையும் தனித்தனி அறையில் வைத்து, தகுந்த ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்கிறார். நான் கேள்வி கேட்கலாம் என்று போனால் அவர் என்னைக் கேட்கிறார், கடைசியாக எப்போது தின்றது, எப்போது தோல் உரித்தது, யார் யார் தொட்டார்கள் என்று. கடைசிக் கேள்விக்கு "ஊரே" என்றேன். "ஏன் கொடுத்துடறீங்க?" என்றார். மருமகளுக்குப் பயம் என்றேன். "ஒரு வாரம் வேற யாருக்கும் தர மாட்டேன், மனசு மாறினா வாங்க" என்றார். மாறாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை கொண்டுபோனேன். தெருவே வழியனுப்ப வந்தது. டாக்ஸிக்காரர் பெட்டியில் யார் என்று கேட்டார், சொன்னேன், உடனே முன்சீட்டைத் துடைத்தார். "பெரியவர் முன்னாடி உட்காரட்டும், நீங்க பின்னாடி போய் நெருக்கி உட்காருங்க" என்று ஒரு ஆட்டுக்குப் பக்கத்தில் என்னைத் திணித்துவிட்டார். ஒப்படைத்தேன், அன்றைக்கே காலிப் பெட்டியோடு திரும்பினேன். அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. தட்டி என்னத்தைக் கொண்டுவரப் போகிறார்கள்? நேற்று கால்பந்து கேட்டபோது இடது கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. போகட்டும், பழகிவிடும். உன் கல்யாணத்தைவிட எனக்கு ஒரு பாம்பு பெரிதா?

ஆகவே, மகனே, எல்லாம் முறைப்படி முடிந்தது. வீட்டில் பாம்பும் இல்லை, பாம்புச் சட்டையும் இல்லை, லியோகாடி பயமில்லாமல் வரலாம் என்று அவளிடம் சொல். அவள் அப்பாவுக்கு என் வணக்கம், அம்மாவுக்கு என் விசாரிப்பு. நீங்கள் இருவரும் நிறையப் பிள்ளைகளோடும் ஒழுகாத கூரையோடும் நெடுங்காலம் வாழ மாதா அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தகப்பன்,
பர்னபே

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பார்த்தால் லியோகாடி, கூட அவள் சித்தி, கையில் புது வெள்ளைத் துணி. நேராக உள்ளே வந்து, காலிக் கண்ணாடிப் பெட்டி முன்னால் முழங்கால் போட்டாள்.

"மாமா, பெரியவர் எங்கே? கல்யாணத்துக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வந்தேன்."

"நீதானேம்மா பயம்னு சொன்னே?"

"பயமா? எனக்கா? எங்க அம்மா பிறந்ததே பாம்பு வீட்டுல! கட்டிலுக்கு எதிர்லயே பெட்டியை வெச்சு விளக்கையும் போட்டுட்டார் உங்க பையன். பெரியவருக்கு இமையே கிடையாது மாமா, ராத்திரி பகலா பார்த்துக்கிட்டே இருக்காரு. அவர் முன்னாடி நான் எப்படி உடுப்பு மாத்துவேன்? எப்படிக் குடித்தனம் பண்ணுவேன்? அவருக்குத் தனி அறை குடுங்கன்னு சொல்ல வந்தேன், பாதியிலேயே 'சரி சரி'ன்னு வெட்டிட்டுப் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாரு!"

மடையா! பெற்ற தகப்பனிடம் வெட்டுகிற பழக்கத்தைக் கட்டிக்கொள்ளப் போகிறவளிடமும் காட்டினாயா? மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதத்தான் பார்த்தேன், டாக்ஸிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அதே ஆள்தான், முன்சீட்டைத் துடைத்து வைத்துவிட்டார். ஹூன்சா நல்ல சட்டை போட்டுக்கொண்டு இரோக்கோப் பெட்டியோடு ஏறி உட்கார்ந்தாயிற்று. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், வாருங்கள், இந்தத் தடவை வீடு சொந்தமா, குடிப்பழக்கம் உண்டா என்று எல்லாம் நான் கேட்பேன் என்கிறார். குடியைப் பற்றிய கேள்விக்கு ஹூன்சா வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரு புது விளக்கும் கொஞ்சம் எலியும் வாங்கி வா. உன் பழைய அறையைப் பெரியவருக்கு ஒழித்துக் கொடுத்தாயிற்று, நீ கூடத்தில் படுத்துக்கொள்.