ஹோட்டலில் பொங்கிய பால்

பினாங்கு,
சூலியா தெருவுக்குப் பின்சந்து.

அன்பு குறையாத செண்பகம் அக்காவுக்கு, தங்கை தையல்நாயகி பணிந்து எழுதிக்கொள்வது. ஊரே அடங்கின பிறகு எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள். குழந்தை இப்போதுதான் கண்ணை மூடினான். அவன் கண்ணை மூடினால்தான் நான் பேனாவைத் திறக்க முடியும். இவர் கொசுவலைக்குள்ளிருந்து, "விளக்கைச் சின்னதாக்கு, தையல்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எழுத்து கோணலாக இருந்தால் விளக்கின் மேல் பழி போடு. தைப்பிங்கில் அத்தானும் குழந்தைகளும் உன் மாமியாரும் சுகமாக இருக்கத் தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பினாங்கு வருகிறோம், ஹோட்டலில் தங்குவதா, வாடகைக்கு வீடு பிடிப்பதா, உனக்குத்தான் இரண்டும் பழக்கமாயிற்றே என்று கேட்டிருந்தாய். நீ ஒரு வரியில் கேட்டுவிட்டாய், அக்கா. எனக்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் எஸ்டேட்டிலிருந்து இங்கே வந்தது எதற்கென்று உனக்குத் தெரியும். மாமா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பேரனை முதல்முதலாகப் பார்க்க வருகிறார். எனக்குக் கவலை பேரன் விஷயத்தில் அல்ல, என் விஷயத்தில். பெண் பார்க்க வந்த அன்று, காலேஜில் படித்த பெண் என்று அப்பா பெருமையாகச் சொல்லி முடிக்கும்முன், "சரிதான், பால் காய்ச்சத் தெரியுமா?" என்று மாமா கேட்டாரே, நீ கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு அப்பாதான் ஏதோ சொல்லிச் சமாளித்தார். மாமா அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவும் இல்லை, விடவும் இல்லை. இந்தத் தடவையாவது அவர் வந்து இறங்குகிற இடம் மருமகள் கையால் ஒழுங்காக நடக்கிற இடமாக இருக்க வேண்டும் என்று மனசுக்குள் பந்தயமே கட்டிக்கொண்டு வந்தேன்.

ஒரு ராத்திரிதானே என்று இவர் முகம்மது கனி பாயின் ஹோட்டலில் அறை எடுத்தார். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே அறைகள். மின்சார விசிறி உண்டு, குழாயைத் திறந்தால் தண்ணீர் உண்டு, சுவரில் ஒரு பொத்தான் உண்டு. அந்தப் பொத்தானை அமுக்கினால் கீழே மணி அடிக்கும், இஸ்மாயில் என்கிற பெரிய மீசைக்காரர் மாடியேறி வந்து "என்னம்மா வேணும்" என்பார். அதை இவர் எனக்குக் காட்டிக் கொடுத்தபோது அர்ஜுனன் இவர் இடுப்பில் இருந்தான். அவ்வளவுதான், அக்கா. பத்து மாதக் குழந்தை, இன்னும் நடை வரவில்லை, ஆனால் கட்டில் மேல் ஏறி நின்று மணி அடிக்க வந்துவிட்டது. இஸ்மாயில் வருவார், இவன் கைதட்டிச் சிரிப்பான், அவர் இறங்குவார், இவன் திரும்ப அடிப்பான். வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு அந்த மனுஷர் ஒவ்வொரு தடவையும் ஒரு காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். இவரும் மரியாதைக்காகக் குடித்தார். ராத்திரி முழுதும் தூக்கமில்லாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

விடிந்து துறைமுகத்துக்குப் போனால் கப்பல் வந்திருக்கிறது, மாமா வரவில்லை. கப்பலில் யாருக்கோ அம்மை போட்டிருந்ததாம். கப்பல் தட்டில் பாய் விரித்து வருகிற தட்டுப் பிரயாணிகள் எல்லோரையும் ஜெராஜாக் தீவில் இறக்கி நோய்க்காவலில் வைத்துவிட்டார்கள். மாமாவுக்கு நாங்கள் இரண்டாம் வகுப்புக்கல்லவா ஏற்பாடு செய்திருந்தோம் என்று விசாரித்தால், இரண்டாம் வகுப்பில் முள்ளாலும் கத்தியாலும் சாப்பிடச் சொல்வார்கள் என்று யாரோ பயமுறுத்தி, அவர் தானாகவே தட்டுக்கு மாறிக்கொண்டாராம். எப்போது விடுவார்கள் என்று நிச்சயமில்லை.

ஒரு ராத்திரி பல ராத்திரி ஆகிறபோதுதான் ஹோட்டலின் குணம் தெரியும். குழந்தைக்குத் தகர டப்பாப் பால் சேரவில்லை. நான் தெருவில் போன பால்காரரிடம் கறந்த பால் வாங்கி, நம் ஸ்பிரிட் அடுப்பைக் கட்டிலடியிலிருந்து எடுத்துப் பற்றவைத்தேன். அறையில் அடுப்பு கூடாது என்று கதவில் எழுதித்தான் இருந்தது. தாய்மார்களுக்கு அது பொருந்தாது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து இவன் மணியை அடித்தான், இஸ்மாயில் கதவைத் தட்டினார், நான் அடுப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டு "ஒன்றும் வேண்டாம் அண்ணே" என்று சொல்லித் திரும்புவதற்குள் பால் புஸ்ஸென்று பொங்கித் தரையில் ஓடியது. தரை பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் போகிற சந்து. கீழே பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையில் சொட்டியதாம். அவர் கோபிக்கவில்லை. மேலே பார்த்து, "மாடியில யாரோ புதுசாக் குடி வந்திருக்காங்க போல, நல்லா இருக்கட்டும்" என்றாராம். கடை முழுக்கச் சிரிப்பு. கனி பாயே ஏறி வந்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன்.

"அம்மா, நம்ம ஹோட்டல்ல எத்தனையோ பேர் தங்கிட்டுப் போயிருக்காக. குடி வந்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

அதற்கு மேல் அவர் திட்டவில்லை. பின்சந்தில் அவருக்குத் தெரிந்த ஹபீபா பீவி வீட்டு மாடி காலியாக இருக்கிறது, சமையலறை உண்டு, ஆசைதீரப் பொங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, சாமானைத் தூக்க இஸ்மாயிலையும் அனுப்பினார். மீசைக்காரர் படியிறங்கும்போது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

வீடு என்றால் வீடுதான், அக்கா. இதைக் கவனமாகப் படி. ஜன்னல் நம்முடையது, அடுப்பு நம்முடையது, கொடியில் துணி போட யாரையும் கேட்க வேண்டாம். ஹபீபா பீவி கீழே இருக்கிறார். நாகூர்க்காரர், நம் பக்கம் என்று தெரிந்ததும், "வா புள்ள, உன் வீடு மாதிரி" என்று குழந்தையை வாங்கிக்கொண்டார். குறை என்று சொன்னால் விசிறி கிடையாது, இங்கேயும் பலகைத் தரை, குழாய் கீழே, வாடகையில் சேர்ந்த சாமான்கள் என்று சொன்னவை ஒரு இரும்புக் கட்டிலும் கதவில்லாத அலமாரியும்தான். சுவரில் பொத்தானும் இல்லை. இவன் சுவர் சுவராகத் தடவிப் பார்த்துவிட்டு அழுதான்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினேன். இந்தத் தடவை முறையாக: புதுப் பானை, கழுத்தில் மஞ்சள் கிழங்கு, சாணி மெழுகாத குறைக்கு அடுப்பின் மூன்று பக்கமும் அரிசி மாவுக் கோலம். காலேஜில் பால் ஏன் பொங்குகிறது என்று ஒரு பக்கம் எழுதி மார்க்கு வாங்கியவள் நான். ஆனாலும் கிழக்குப் பக்கம் வழிய வேண்டுமே என்று பானையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். பால் நுரைத்து எழும்பியது. இவர் சட்டென்று ஒரு கை தண்ணீர் தெளித்தார். அடங்கிவிட்டது.

"என்ன பண்றீங்க?"

"கீழே பீவியம்மா இருக்காங்க, தையல். தலையில விழுந்தா இந்த வீடும் போச்சு."

"பொங்காம இருந்தா வீடு எதுக்கு? கையை எடுங்க."

திரும்ப எழும்பியது, திரும்பத் தெளித்தார். எஸ்டேட்டில் கிராணியாக உட்கார்ந்து கணக்கெழுதுகிறவருக்கு இவ்வளவு சுறுசுறுப்பு உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும். நான் செம்பைப் பிடுங்க, இவர் இழுக்க, பால் பாதி தண்ணீராகிவிட்டது. என் கண்ணும் கலங்கிவிட்டது. அப்போது வாசற்படியில் இஸ்மாயில் குரல்: "இதாங்க வீடு. மணி அடிக்கிற தம்பியோட தாத்தாங்களா நீங்க, சொல்லவே இல்லையே." பார்த்தால் மாமா நிற்கிறார். தீவிலிருந்து விட்டதும் ஹோட்டலில் எங்களை விசாரித்து வந்தாராம். நோய்க்காவலில் கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தார். மகன் கையில் செம்பு, மருமகள் கையில் செம்பின் மறுபாதி, அடுப்பில் பொங்காத பால். அக்கா, இந்தக் கோலத்தில் பார்க்கத்தானா அவர் கடல் தாண்டி வந்தார் என்று நினைத்துக்கொண்டே செம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கீழேயிருந்து பீவியம்மா கூப்பிட்டார். "ஏம்புள்ள, இன்னுமா பொங்கல? கனி நானா எல்லாம் சொல்லிட்டாக. நான் பாயைச் சுருட்டிட்டு வாளி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பயப்படாம விடு."

இவர் செம்பைப் போட்டுவிட்டு அப்பா காலில் விழுந்தார். நானும் விழுந்தேன். நாங்கள் எழுந்திருப்பதற்குள் பால் தன் இஷ்டத்துக்குப் பொங்கி, கிழக்கே வழிந்து, பலகைச் சந்தில் இறங்கி, கீழே வாளியில் டங்கென்று விழுந்தது. அர்ஜுனன் அந்தச் சத்தத்துக்குக் கைதட்டினான். மாமா அவனைத் தூக்கி முத்தமிட்டார், அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தெரியுது" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு என் பட்டத்தைக்கூடக் கொடுத்துவிடுவேன். ஆகையால் தீர்மானமாக எழுதுகிறேன்: வாடகை வீடுதான். குழந்தைகளை வைத்துக்கொண்டு ஹோட்டல் பக்கம் திரும்பியும் பார்க்காதே. அத்தானுக்கு என் வணக்கம், பெரியவர்களுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆளுக்கொரு முத்தம், நம் எல்லாருடைய வீட்டிலும் பால் வழியட்டும்.

இப்படிக்கு,
தையல்நாயகி

பின்குறிப்பு: மேலே உள்ளதை முந்தாநாள் எழுதி, உறை ஒட்டாமல் வைத்திருந்தேன். மாமாவுக்கு விசிறி இல்லாமல் இங்கே தூக்கம் பிடிக்கவில்லை. இன்று காலை, பேரனுக்குக் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று அவனைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர் திரும்பவில்லை. இவர் தேடிப் போனால், கனி பாய் ஹோட்டலில் எங்கள் பழைய அறையில் காற்றாடிக்கடியில் படுத்திருக்கிறார். பேரன் மணி அடிக்கிறான், இஸ்மாயில் காப்பி கொண்டுவருகிறார், மாமா குடிக்கிறார். மூன்று பேருக்கும் பரம சந்தோஷம். முள்ளும் கத்தியும் யாரும் தரவில்லையாம், இது தெரிந்திருந்தால் இரண்டாம் வகுப்பிலேயே வந்திருப்பேன் என்கிறார். பிள்ளை அங்கே, நான் இங்கே எப்படி இருப்பது? இன்றைக்கே நாங்களும் ஹோட்டலுக்குப் போகிறோம். அடுப்பைப் பீவியம்மாவிடம் விட்டுவிட்டு வந்தால்தான் அறை என்று கனி பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த மாடி மட்டும் காலியாகிறது. நீ வந்தால் பால் காய்ச்சுவாயா, வாளியை எடுத்து வைக்கலாமா என்று பீவியம்மா கேட்கிறார். சீக்கிரம் பதில் போடு.