மாமாவின் தோளும் திருத்திய மதிப்பீடும்

முடிச்சூர் யக்ஞநாராயணன் எடைப் பயிற்சி செய்யத் தீர்மானித்ததற்கு அவருடைய உடம்பு காரணமல்ல. உடம்போடு அவருக்கு எந்தத் தகராறும் இருந்ததில்லை. அது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, இவர் அதற்குச் சட்டை போட்டுவிட்டார், இரண்டு பேரும் சுமுகமாகவே ஐம்பத்து நான்கு வயது வரை வந்து சேர்ந்துவிட்டார்கள். காரணம், தங்கை மகள் மிருதுளாவின் கல்யாணம்.

அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாலை மாற்றல் என்று ஒன்று உண்டு. பெண்ணைப் பெண்ணின் மாமாவும், பிள்ளையைப் பிள்ளையின் மாமாவும் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். மேலே இருக்கிற இரண்டு பேரும் மாலை மாற்றிக்கொள்வார்கள். மேலே இருப்பவர்களுக்கு அது விளையாட்டு. கீழே இருப்பவர்களுக்கு மானப் பிரச்சினை. மிருதுளாவுக்கு மாமா என்று இருப்பவர் யக்ஞநாராயணன் ஒருவர்தான்.

நிச்சயதார்த்தத்தன்று பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்கை ரோஹிணி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அண்ணா, உனக்குச் சிரமமா இருந்தா சொல்லிடு. சின்னப் பசங்க யாரையாவது தூக்கச் சொல்லலாம். இப்பல்லாம் நாற்காலி போட்டு ஏத்திவிட்டுடறா."

யக்ஞநாராயணன் பாயசத்தைக் கீழே வைத்தார். உத்தியோக வாழ்க்கை முழுவதும் நாற்காலியால் மதிக்கப்பட்டவர், ஒரு நாற்காலியிடம் தம் இடத்தை இழப்பதா?

"நான் உசிரோட இருக்கறச்சே நாற்காலியா? நான்தான் தூக்குவேன்."

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் முடிச்சூரே ஏரியானபோது, பள்ளிக்கூடச் சிறுமியாக இருந்த மிருதுளாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு மார்பளவு தண்ணீரில் மெயின் ரோடு வரை நடந்தவர் அவர். அன்றைக்குத் திட்டமும் இல்லை, ஒப்புதலும் இல்லை. தூக்கினார், நடந்தார். அந்தக் குழந்தையைத் தூக்கியதைவிடப் பெரிய காரியம் எதையும் தம் வாழ்க்கையில் செய்ததில்லை என்று அவருக்கே தெரியும். இன்னொரு தரம் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அந்த ஆசையை அவர் முறைப்படி நிறைவேற்ற நினைத்ததில்தான் வினை ஆரம்பித்தது.

அவர் தாம்பரத்தில் புறநகர் இணைப்புப் பணிகள் ஒருங்கிணைப்பு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அப்படி ஓர் அலுவலகம் இருப்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் தெரியும். எதை எதோடு இணைக்கிறார்கள் என்பது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அங்கே எந்தக் காரியமும் கீழே எழுதி, மேலே போய், கேள்வியோடு திரும்பி வந்து, மறுபடி மேலே போனால்தான் காரியம் என்று பெயர் பெறும்.

ஆகவே அவர் சாப்பாட்டு மேஜையில் ஒரு கோப்பைத் திறந்தார். பொருள்: தோள் வலுப்படுத்துதல், தொடர்பாக. காலையில் உதவியாளர் என்ற முறையில் தாமே குறிப்பு எழுதினார். சாயங்காலம் கண்காணிப்பாளர் என்ற முறையில் அதைப் படித்து, "தெளிவாக இல்லை" என்று திருப்பி அனுப்பினார். மறுநாள் காலையில் உதவியாளருக்கு மனம் நொந்தது. இப்படியே ஆவணியும் புரட்டாசியும் போயின. கடைசியில் கண்காணிப்பாளர் ஒரே ஒரு கேள்வியில் வந்து நின்றார்: பயனாளியின் எடை குறிப்பிடப்படவில்லையே?

ரோஹிணிக்குப் போன் போட்டார்.

"மிருதுளா எத்தனை கிலோ இருப்பா?"

"அம்பத்திரண்டு."

பின்னாலிருந்து மிருதுளாவின் குரல் கேட்டது. "அம்மா, அது நான் காலேஜ் சேர்ந்தப்போ!"

போன் உடனே வைக்கப்பட்டது. கோப்பில் ஐம்பத்திரண்டு பதிவாயிற்று. பெற்ற தாயே சான்றளித்த பிறகு கேள்வி கேட்பதற்கு யாருக்கும் அதிகாரமில்லை.

கோப்பை எட்டிப் பார்த்த மனைவி அபிதகுஜாம்பாள் தணிக்கை ஆட்சேபணை எழுப்பினாள். "ஏன்னா, அம்பத்திரண்டு பொண்ணு மட்டும்தானே? ஒன்பது கஜம் புடவை? ஒட்டியாணம்? கழுத்து ஒடியற மாதிரி மாலை? அதெல்லாம் யார் தூக்குவா?"

யக்ஞநாராயணன் யோசித்தார். கேள்வியில் விஷயம் இருந்தது. "நியாயம். அதையெல்லாம் திருத்திய மதிப்பீட்டுல சேர்த்துக்கலாம். இப்போதைக்கு மூல மதிப்பீட்டின்படி வேலையை ஆரம்பிச்சுடறேன்."

திருத்திய மதிப்பீடு என்பது எந்த அலுவலகத்திலும் வேலை முடிந்து, அது இடிந்தும் விழுந்த பிறகு வருவது. அபிதகுஜாம்பாளுக்கு இது தெரியாது. அவள் தலையாட்டிவிட்டு ரசத்தைக் கவனிக்கப் போனாள்.

ஐப்பசியில் அவர் முடிச்சூர் ரோட்டில் ஒரு ஜிம்முக்குப் போனார். சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒவ்வொரு கண்ணாடி முன்னாலும் ஒரு பையன் தன் கையைத் தானே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். எடை தூக்குகிறவர்களைவிடப் போன் தூக்குகிறவர்கள் அதிகம். நடுவில், மார்புக்குழி வரை பனியனை இறக்கிவிட்டுக்கொண்டு கோச் ஜீவானந்தம் நின்றான். யக்ஞநாராயணனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"சார், கோர் வீக்கா கீது. க்ளூட்டு தூங்கிகினு கீது. மெட்டபாலிஸம் செம பேஜாரு."

"இதெல்லாம் எங்கே இருக்கு?"

"உள்ள கீது சார். அத்த விடுங்க, நான் பாத்துக்கறேன். முதல் வாரம் அஞ்சு கிலோ. அப்பால வாரா வாரம் ஏத்திகினே போவோம்."

யக்ஞநாராயணன் திடுக்கிட்டார். "வாரா வாரம் உயர்வா? எந்த ஆணைப்படி?"

"ஆணையா? இன்னா சார் சொல்றீங்க? ஏத்துனாதான் சார் மசில் வளரும்."

"உயர்வுங்கறது வருஷத்துக்கு ஒரு தரம்தான் தம்பி. அதுவும் பணி திருப்திகரமா இருந்தால். நான் சேர்ந்தது அக்டோபர். அடுத்த அக்டோபர்ல ஏத்திக்கலாம்."

"கல்யாணம் தை மாசம்னீங்களே சார்?"

"அதுக்காக விதியை மீற முடியுமா?"

ஜீவானந்தம் வாசலைக் காட்டக் கையைத் தூக்கினான். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய வாடிக்கையாளர் ரீல்ஸுக்கு நல்லது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் பொறுத்துக்கொண்டான்.

அடுத்த வாரமே ஒரு நிர்வாகச் சிக்கல் வந்தது. யக்ஞநாராயணனின் இடது கை நன்றாகத் தூக்கியது, வலது கை திணறியது. வருஷக்கணக்காகக் காய்கறிப் பையைத் தூக்கியது இடது. வலது கையெழுத்து மட்டும் போட்டது. ஆனால் பணியில் மூத்தது வலதுதான். வேலையில் சேர்ந்த அன்று பணியேற்பு அறிக்கையில் கையெழுத்திட்டதே அது.

"இளையவர் மூத்தவரைவிட அதிகம் தூக்கறது பெரிய முரண்பாடு. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போயிடும்" என்றார் ஜீவானந்தத்திடம்.

"எது சார் கோர்ட்டுக்குப் போவும்? கையா?"

அவர் உடனே நடவடிக்கை எடுத்தார். இடது கையை நிறுத்திவைத்து, வலது கைக்கே எல்லாப் பயிற்சியும் கொடுத்தார். பத்தே நாளில் வலது தோள் பிடித்துக்கொண்டது. அதை மருத்துவ விடுப்பில் அனுப்பி, இடது கைக்கு முழுக் கூடுதல் பொறுப்பு கொடுத்தார். கூடுதல் பொறுப்பில் இருப்பவர் புதிதாக ஒன்றும் செய்யக் கூடாது என்பதால் அதுவும் சும்மா தொங்கியது. இரண்டு கையும் தொங்க அவர் தினமும் ஜிம்முக்குப் போய், வருகையைப் பதிந்துவிட்டு, ஜீவானந்தம் விற்ற சாக்லேட் வாசனை மாவைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தார்.

மார்கழி பிறந்தது. வலது தோள் பணிக்குத் திரும்பியது. இலக்கு ஐம்பத்திரண்டு, தூக்கியதோ ஐந்து. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். யக்ஞநாராயணன் அரசாங்க அறிக்கைகள் எழுதிப் பழகியவர். ஐந்து கிலோவை ஒரு தடவை தூக்கினார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். இப்படிப் பதினோரு தரம்.

"ஐம்பத்தஞ்சு!" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இலக்கை மூணு கிலோ தாண்டிட்டேன்."

ஜீவானந்தம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. அவனுக்கும் ரீல்ஸுக்கு விஷயம் கிடைத்துவிட்டது. "செம சார்! வயசு ஐம்பத்தி நாலு, தூக்குனது ஐம்பத்தஞ்சுன்னு போட்டுர்றேன். இது தாம்பரம் மெத்தடு சார்!"

போட்டான். ஆயிரக்கணக்கானவர்கள் பாராட்டாக நெருப்பு எமோஜி அனுப்பினார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் அன்று படுக்கையை விட்டே எழுந்திருக்காதவர்கள்.

அதே ஜிம்மில் சாயங்காலங்களில் மிருதுளாவும் வந்துகொண்டிருந்தாள். மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் இன்ஜினீயர். கல்யாணப் பெண்களுக்கென்று ஜீவானந்தம் வைத்திருந்த பேக்கேஜில் இளைப்பதற்காகச் சேர்ந்தவள், இளைப்பதை மறந்துவிட்டு இரும்பில் இறங்கிவிட்டாள். ஒரு நாள் யக்ஞநாராயணன் பார்க்கும்போது, இரண்டு பக்கமும் வண்டிச் சக்கரம் மாதிரி மாட்டிய கம்பியைத் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கி நின்றாள்.

"எத்தனைம்மா அது?"

"எம்பது கிலோ மாமா."

"ஒரே தடவையிலயா?"

"பின்ன தவணையிலயா?"

அவருக்கு அவள் மேல் பரிதாபம் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

மிருதுளா கம்பியை வைத்துவிட்டு அருகில் வந்தாள். "மாமா, கோச்சுக்காதே. இப்போ ஒரு தரம் என்னைத் தூக்கிப் பாரேன். முடியலைன்னா நாற்காலி போட்டுக்கலாம். எனக்கு நீ முக்கியம், தோள் முக்கியமில்லை."

அவர் அவள் தலையை வருடினார். தூக்கிப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

"முன்னோட்டத்துக்கு ஒப்புதல் வாங்கலையேம்மா" என்றார்.

தை மாதம், மேற்குத் தாம்பரத்தில் ஒரு மண்டபம். நாதஸ்வரம் முழங்கியது. பிள்ளையின் மாமா அனந்தகிருஷ்ணன் பிள்ளையை அலேக்காகத் தூக்கிக்கொண்டு, கைக்கடிகாரத்தில் தம் இதயத் துடிப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். எல்லோர் கண்ணும் யக்ஞநாராயணன் பக்கம் திரும்பியது. கைகொடுக்க வந்த பையன்களை, "வெளியார் தலையீடு வேண்டாம்" என்று விலக்கினார்.

குனிந்தார். எந்தத் தோள் என்று கேட்டாள் மிருதுளா. இடது தோள்தான் தெம்பானது. ஆனால் மூப்பு என்று ஒன்று இருக்கிறதே. வலது தோளைக் காட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். ஒன்பது கஜம் உட்கார்ந்தது, ஒட்டியாணம் உட்கார்ந்தது, மாலை உட்கார்ந்தது. திருத்திய மதிப்பீடு முழுவதும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. யக்ஞநாராயணன் எழுந்தார். சரியாகப் பாதி எழுந்தார். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. காரியம் நிலுவையில் நின்றது. மாமிகள் பாட்டை நிறுத்தினார்கள். ரோஹிணி, "நாற்காலி! நாற்காலி!" என்று கத்தினாள்.

அவருக்கு அந்த ஒரு கணத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. ஐந்து கிலோவைப் பதினோரு தரம் தூக்கினால் அது ஐந்து கிலோதான். கண்ணில் நீர் முட்டியது.

மிருதுளா சட்டென்று காலை ஊன்றி இறங்கினாள். மாலையை அவர் கையில் திணித்தாள். கீழே சாயப்போன மாமாவின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு கை, முதுகில் ஒரு கை. "கெட்டியா பிடிச்சுக்கோ மாமா" என்றாள். அடுத்த நொடி யக்ஞநாராயணன் பஞ்சகச்சத்தோடு அவள் தோளில் இருந்தார்.

அனந்தகிருஷ்ணனுக்கு எதிரில் யார் உயரத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்க நேரமில்லை, கடிகாரம் அதற்குள் எச்சரிக்கை கொடுத்துவிட்டது. அவர் பிள்ளையை முன்னால் தள்ளினார். பதறிய பிள்ளை மாலையைப் போட்டான். அது யக்ஞநாராயணன் கழுத்தில் விழுந்தது. மரியாதைக்காக அவரும் தம் கையில் இருந்ததைப் பிள்ளைக்குப் போட்டார்.

மண்டபம், கல்யாணத்தை நடத்திவைக்க வந்த வாத்தியாரைப் பார்த்தது. அவருக்கு இன்னொரு முகூர்த்தம் படப்பையில் காத்திருந்தது. "சாஸ்திரத்துல இதுக்குத் தடைன்னு ஒண்ணும் சொல்லலை. மேலே நடக்கட்டும்" என்றார்.

பிறகு பெண்ணும் பிள்ளையும் தரையில் நின்று ஒழுங்காக மாலை மாற்றிக்கொண்டதை யாரும் படம் பிடிக்கவில்லை. முதலில் நடந்ததை எல்லோரும் பிடித்திருந்தார்கள். அது ஊரெல்லாம் பரவியது. ஒரு கூட்டம் கலாசாரம் அழிந்தது என்றது. இன்னொரு கூட்டம் இதுதான் ஆதி வழக்கம், இடையில் மறந்துவிட்டோம் என்றது. மாசி முகூர்த்தங்களில் கல்யாண கான்ட்ராக்டர்கள் "மாமா தூக்கல்" என்று தனி அயிட்டமே சேர்த்துவிட்டார்கள். பங்குனிக்குள், மாமாவைப் பெண் தூக்காத கல்யாணத்தைக் கஞ்சத்தனமான கல்யாணம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை மாமாக்கள் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. யக்ஞநாராயணனின் பெரியம்மாவுடைய பெண்வயிற்றுப் பேத்தி ஸ்நேகா. வைகாசியில் கல்யாணம்.

"மாமா, எனக்கும் மாமான்னு நீங்கதான். என் கல்யாணத்துல நான்தான் உங்களைத் தூக்கப்போறேன். உங்க வெயிட் எவ்ளோ மாமா?"

யக்ஞநாராயணன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். போனில் தெரியாது என்றாலும் இழுத்துக்கொண்டார்.

"அறுபத்திரண்டு."

எழுபத்தெட்டு என்று தெரிந்த அபிதகுஜாம்பாள் அடுக்களையிலிருந்து இருமினாள்.

ஸ்நேகா ஒரு கணம் கணக்குப் போட்டாள். "அப்போ கவலையே இல்லை மாமா! ஜீவா கோச்கிட்ட தாம்பரம் மெத்தட்ல ட்ரெய்னிங் எடுத்துக்கறேன். அஞ்சு கிலோ, பதிமூணு தரம். அறுபத்தஞ்சு வந்துடுத்து. மூணு கிலோ உபரியே இருக்கு!"

போனை வைத்துவிட்டு அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்.

"அபிதா, கீழே மெத்தை ஏதாவது போடுவாளா?"

"போடுவா, போடுவா" என்றாள் அபிதகுஜாம்பாள். "திருத்திய மதிப்பீட்டுல."