கஸ் லிண்டின் இடது காது

போக்கர் சீட்டாட்ட மேசைக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்த பெண் கஸ் லிண்டைப் பார்க்கவே இல்லை. தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்ற அவருடைய ரசிகன் வெண்டலின் முகத்தைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு பிடி பந்தயச் சில்லுகளை நடுவே தள்ளினாள். கஸ் அந்தச் சுற்றை விட்டுக்கொடுத்துச் சீட்டை வீசிவிட்டார்.

சற்று முன்புதான் கஸ்ஸின் கை இடது காதுக்குப் போயிருந்தது. கஸ் இடது காதைச் சொறிந்தால் கையில் ஒன்றுமில்லை, வெறுமனே மிரட்டுகிறார் என்று அர்த்தம். உலகத்தில் தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் அது என்று வெண்டல் நம்பியிருந்தான். பெரிய ஆட்டங்களில் சில தடவை அந்தக் காது பொய்த்ததுண்டு. அது நிஜமான அரிப்பு என்று தள்ளிவிடுவான். காதைப் பார்த்ததும் தன் முகம் வெளிறிவிடுகிறது என்பது இப்போதுதான் உறைத்தது.

முகமே தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. ரினோவில் டயர் கடையிலிருந்து வந்ததும் சூப்புக் கிண்ணத்தோடு கணினி முன்னால் உட்காருவான். திரையில் 'பாலைவன நத்தை' என்று ஒரு பெயர் இணையச் சீட்டாட்டம் ஆடும். நத்தை ஜெயித்தால், முன்பின் பார்த்திராதவர்கள் எல்லாம் ஒருவரையொருவர் வாழ்த்தி எழுதிக்கொள்வார்கள். அந்த நத்தை வழுக்கைத் தலையோடு வேகாஸ் மேசையில் கஸ்ஸாக வந்து உட்கார்ந்தபோது, கயிற்றோரம் முழுக்க ரசிகர்களின் மஞ்சள் தொப்பிகள். பிறகு ஒருவருக்குப் பேரன் பிறந்தான். ஒருவர் கொலராடோ போனார். ஒருவர் போயே சேர்ந்துவிட்டார். இன்று வெண்டலின் தொப்பி ஒன்றுதான் மிச்சம். கஸ்ஸும் சொல்லிவிட்டார், இந்தத் தடவை கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் ஆடும் இறுதி மேசைக்குப் போகாவிட்டால் இனி ஆட்டமே இல்லை என்று.

வெண்டல் கறுப்புக் கண்ணாடி மாட்டினான். கஸ்ஸின் கை காதுக்குப் போனதும் வாய் தானாகப் பிளந்தது. கழுத்துத் துணியால் வாயை மூடினான். இப்போது கயிற்றைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

"யோவ், கயித்த விடு. அந்தக் கோடி வரைக்கும் ஆடுது," என்றார் காவலர் எர்ல். "மூஞ்சிய வேற மூடியிருக்க, கொள்ளையடிக்க வந்தவன் மாதிரி."

"குளிருது எர்ல்."

"ஜூலை மாசத்துலயா?"

அடுத்த தடவை காதில் கை பட்டபோது முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். அதற்கடுத்த தடவையும். ஹெட்போன் பெண் சிரித்தேவிட்டாள்.

"முன்னாடியே தேவலைப்பா," என்றார் எர்ல். "இப்ப சிக்னல் லைட்டு மாதிரி இருக்க."

அப்போதுதான் கஸ் தன் சில்லுகள் அத்தனையையும் நடுவே தள்ளினார். தள்ளிய கை மெல்லக் காதுக்கு ஏறியது.

"நான் இங்க நின்னா அவர் குடி முழுகிடும்," என்று முனகிக்கொண்டு வெண்டல் விறுவிறுவென்று வெளியேறினான்.

ஹாட் டாக் கடையில் உட்கார்ந்து, வாங்கிய ரொட்டியைத் தின்னவும் முடியாமல் கையில் பிடித்திருந்தான். கடுகுச் சாறு முழங்கை வரை வழிந்தது. உள்ளேயிருந்து கைதட்டல் ஒன்றும் கேட்கவில்லை.

இடைவேளை விட்டதும் கஸ்ஸின் மனைவி நடீன் மூச்சிரைக்க வந்தாள்.

"இங்கயா இருக்க? உன்னத் தேடி எர்ல கக்கூஸ் வரைக்கும் அனுப்பிச்சேன்."

"தோத்துட்டாராக்கா?"

"தோக்கல. ரெண்டு ஏஸ் வந்துச்சு, அதுக்கு மேல சீட்டே கிடையாது, எல்லாத்தையும் தள்ளினார். அந்தப் பொண்ணு கயித்துப் பக்கம் பாத்தா, உன்னக் காணோம். பணம் கட்டாம சீட்டத் தூக்கிப் போட்டுட்டா. காலைலேந்து சின்னச் சின்னதா தோத்து, உன் மூஞ்சிய நம்ப அவளப் பழக்கி வச்சதெல்லாம் வீண்."

"ஏஸா? காதச் சொறிஞ்சாரேக்கா."

நடீன் அவன் கண்ணாடியைக் கழற்றினாள். கழுத்துத் துணியை உருவிக் கடுகைத் துடைத்தாள். மஞ்சள் தொப்பியை மட்டும் நேராக்கி வைத்தாள்.

"அந்தாளு காதுல அரிப்பு ஒண்ணும் கிடையாது வெண்டல். இத்தன வருஷமா உன் முகத்த நம்பித்தான் சொறியிறார். வா, வந்து பழையபடி பயந்துக்கிட்டு நில்லு."