வலிமானியின் கழுத்து

"கழுத்தாம்! கழுத்தைத் திருப்பவே முடியலையாம்!"

வக்கீல் நோட்டீஸைப் படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில், சமையலறையிலிருந்த மனைவி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"சிக்னல்ல நம்ம கார் இன்னொரு கார் மேல லேசா பட்டுச்சுன்னு சொன்னேன்ல? அந்தக் காரோட பின் சீட்டுல உட்கார்ந்திருந்த ஆளுக்குக் கழுத்து போயிடுச்சாம். நஷ்ட ஈடு கேட்டுக் கேஸ் போட்டிருக்கான்."

"அடப்பாவமே! ரொம்ப அடியா?"

"அடியாவது இடியாவது! பம்பர்ல நகம் அளவுக்கு ஒரு கீறல். டிரைவர் இறங்கிப் பார்த்துட்டு, 'பரவால்ல சார்'னு போயிட்டான். பின்னாடி இருந்தவன் கையில இருந்த பேப்பரைக்கூட மடிக்கல. மூஞ்சியே எனக்குத் தெரியாது. இப்ப கழுத்தாம்!"

"நீங்கதானே இடிச்சீங்க?"

"இடிக்கல. தொட்டேன்."

இந்த வித்தியாசத்தைச் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியின் நஷ்ட ஈட்டுப் பிரிவில் அதிகாரி. அடிபட்டேன் என்று பணம் கேட்டு வருகிறவர்களுக்கு நிஜமாகவே அடிபட்டதா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. நொண்டிக்கொண்டு வருகிறவரைப் பார்த்து "உட்காருங்க" என்பார். வந்தவர் உட்காருகிற விதத்தை வைத்தே, வலி எவ்வளவு, நடிப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுவார். ஆபீஸில் அவருக்கு 'வலிமானி' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனாலும் அதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரேயில் தெரியும், கழுத்து வலி எந்தப் படத்திலும் தெரியாது, ஆகவே கழுத்து என்று யார் சொன்னாலும் அது பொய் என்பது அவருடைய கொள்கை.

சிரித்து முடித்த பிறகுதான் அவருக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. பிரிவின் தலைமை நாற்காலி அடுத்த மாதம் காலியாகிறது. அதற்கு இவர் பெயரும் எதிர்மேசைக்காரர் பெயரும் மேலே போயிருந்தன. நஷ்ட ஈட்டுப் பிரிவுக்குத் தலைவராக வரப்போகிறவர் மேலேயே நஷ்ட ஈட்டு வழக்கு என்று தெரிந்தால், எதிர்மேசைக்காரர் ஆபீஸுக்கே இனிப்பு வாங்கிக் கொடுப்பார்.

யோசனை சொல்ல மனைவியின் தம்பி வந்தான். அவன் கூப்பிடாமலே வருவான், கேட்காமலே சொல்வான்.

"மாமா, அந்த ஆளுக்கு மட்டுந்தான் கழுத்து இருக்கா? உங்களுக்கு இல்லையா?"

"என்னடா உளர்ற?"

"அவன் கார் திடீர்னு நின்னதாலதான் உங்க கழுத்து போச்சுன்னு எதிர்வழக்கு போடுங்க. இந்தக் கழுத்துக்கு அந்தக் கழுத்து சரியாப் போச்சு. அலறியடிச்சுக்கிட்டு சமாதானத்துக்கு வருவான் பாருங்க."

அவருடைய வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசனை மோசமில்ல. ஆனா கழுத்து வலின்னு சொன்னா மட்டும் போதாது. பார்க்கிறவங்களுக்கும் அப்படித் தெரியணும்."

மறுநாளே எதிர்வழக்குப் போட்டார்கள், கழுத்துப் பட்டையும் வந்து சேர்ந்தது. சந்தன நிறத்தில், தாடையை முட்டுக்கொடுத்து நிறுத்துகிற தடித்த பட்டை. கோர்ட்டில் மட்டும் மாட்டிக்கொண்டால் போதும் என்றான் மைத்துனன். அவன் சின்னவன், அவனுக்கு உலகம் தெரியாது. பொய்க் கழுத்துக்காரர்களைப் பின்தொடர்ந்து போய், அவர்கள் தலையை ஆட்டி ஆட்டிப் பேரம் பேசுவதையெல்லாம் படம் பிடிக்கிற ஏற்பாட்டைக் கம்பெனியில் கொண்டுவந்ததே வலிமானிதான். எதிராளியும் அப்படி ஆள் வைக்கமாட்டான் என்று என்ன நிச்சயம்? தெருவில் யார் கையில் போன் இருந்தாலும் அவருக்குப் பகீரென்றது. மாடியில் துணி உலர்த்தப் போனாலும் பட்டையோடு போனார். தூங்கும்போதும் கழற்றவில்லை, ஜன்னல் திரை கொஞ்சம் குட்டை.

ஆபீஸில் மேலதிகாரி பதறிப்போய், "லீவு வேணுமா?" என்று விசாரித்தார். எதிர்மேசைக்காரர் மட்டும் ஒன்றும் விசாரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நிதானமாக, "உட்காருங்க" என்றார்.

அந்த வார்த்தையின் அர்த்தம் வலிமானிக்குத் தெரியாதா? அவர் இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பற்றினார். உடம்பை முதலில் இறக்கினார். பிறகு தலையைத் தனியாக இறக்கினார். கடைசியில் சத்தமில்லாமல் ஒரு மூச்சு விட்டார். நிஜக் கழுத்துக்காரர்களில் நூற்றில் ஒருவர்கூட அப்படிப் பிசகில்லாமல் உட்கார்ந்ததில்லை. எதிர்மேசைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

கெட்ட காலம், எதிராளி அலறவும் இல்லை, சமாதானத்துக்கு வரவும் இல்லை. வழக்கு விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். பட்டையைக் கழற்ற முடியாமல் வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்ததில், ஒருநாள் காலையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கழுத்து மரக்கட்டையாகிவிட்டது. கண்ணை அசைத்தாலே தோள்பட்டை வரை சுளீரென்றது.

"ஐயோ... கழுத்து... கழுத்தைத் திருப்பவே முடியல..."

மனைவி போர்வையை உதறி மடித்தாள். "வீட்டுக்குள்ளயுமா நடிக்கணும்? எழுந்திரிங்க, நேரமாச்சு."

"நிஜமா வலிக்குதுடி!"

வாசலில் வந்து நின்ற மைத்துனன் கை தட்டினான். "பிரமாதம் மாமா! அந்த வாய் கோணுது பாருங்க, அதுதான் நேத்து வரைக்கும் வரல."

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உதட்டைப் பிதுக்கினார். "படத்துல ஒண்ணும் தெரியலையே."

"கழுத்து வலி படத்துல தெரியாது டாக்டர்!" என்று கத்தினார் வலிமானி. கத்தியதில் இன்னொரு சுளீர்.

டாக்டர் அவரைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் அவரைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, தாடைக்குக் கீழே வார் மாட்டி, அதன் மறுமுனையில் ஒரு எடையைத் தொங்கவிட்டாள். "ஆடாம அசையாம படுத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மேலே மின்விசிறி. பக்கத்தில் பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ முனகினார்கள்.

"உங்களுக்கும் கழுத்தா?" என்று கேட்டது ஒரு கனத்த குரல்.

"ஆமாங்க. நிஜமாவே வலிக்குது."

"நான் பொய்யின்னு சொல்லலையே."

அந்த ஒரு வார்த்தையில் வலிமானியின் மனசு உருகிவிட்டது. நம்புவதற்கு ஒரு ஆள் கிடைத்து எத்தனை நாளாயிற்று! எடை கழுத்தை இழுக்க இழுக்க, அவர் வாயிலிருந்து எல்லாம் தானாக வந்தது. தான் பார்க்கிற வேலை, கார் பட்டது, நோட்டீஸ் வந்தது, மைத்துனன் சொன்னது, பட்டை வாங்கியது, பட்டை மாட்டியே வலி வந்தது.

திரைக்காரர் சிரித்தார். நடுநடுவே அக்கறையாகக் கேள்வியும் கேட்டார். "பட்டை வாங்கினப்போ வலி இருந்துச்சா?" "ஒரு துளி இல்லீங்க." "வக்கீலுக்கு அது தெரியுமா?" "பட்டையை மாட்டச் சொன்னதே அவர்தாங்க!" இவ்வளவு கவனமாக யாரும் அவர் பேச்சைக் கேட்டதில்லை.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?" என்றார் திரைக்காரர். "இத்தனை வருஷத்துல, நிஜமா வலின்னு வந்தவங்களையும் பொய்யின்னு திருப்பி அனுப்பியிருப்பீங்களோ?"

வலிமானி மின்விசிறியையே பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. கழுத்து வலியைவிட அது அதிகமாக வலித்தது.

அடுத்தடுத்த முறையும் அதே நேரம், அதே திரை, அதே குரல். இவர் வருவதற்கு முன்பே அவர் படுத்திருப்பார். இவரை அவிழ்த்துவிடும்போதும் படுத்திருப்பார். முகம் பார்க்காமலே இருவரும் சிநேகிதர்களாகிவிட்டார்கள்.

ஒருநாள் வலிமானி கேட்டார். "உங்களுக்கு எப்படீங்க கழுத்து போச்சு?"

"கார்லதான். பின் சீட்டுல பேப்பர் படிச்சுக்கிட்டே வந்தேன். டிரைவர் சடார்னு நிறுத்தினான். அவ்வளவுதான்."

வலிமானியின் கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது.

"வர்ற வியாழக்கிழமை நான் இங்க வரமாட்டேன்" என்று திரைக்காரர் தொடர்ந்தார். "கோர்ட்ல இருக்கணும். ஒரு கார் கேஸ்."

வலிமானி மனசுக்குள் கூட்டிப் பார்த்தார். பின் சீட்டு, பேப்பர், கழுத்து, வியாழக்கிழமை! அவருடைய வழக்கும் வியாழக்கிழமைதான். யாரிடமிருந்து மறைக்க இத்தனை கூத்தும் அடித்தாரோ, அவனிடமே நாள் தவறாமல் படுத்துக்கொண்டு ஒப்பித்திருக்கிறார்! திரும்பிப் பார்க்கத் துடித்தார். வார் விடவில்லை. எட்டித் திரையை விலக்கப் பார்த்தார். எடை இழுத்து அவரைப் பழையபடி கிடத்தியது.

"ஆடாதீங்க சார்!" என்று உள்ளேயிருந்து அந்தப் பெண் அதட்டினாள்.

இனி வழக்கு தோற்பது மட்டுமல்ல. பொய்ப் பட்டை விஷயம் கோர்ட்டில் வந்துவிட்டால், தலைமை நாற்காலி இருக்கட்டும், இப்போது உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் போய்விடும். பொய்க் காயத்துக்குக் கம்பெனியில் ஒரே தண்டனைதான், வீட்டுக்கு அனுப்புவது. அந்த விதியை எழுதிக் கொடுத்ததும் அவர்தான்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட மனைவி, "ஆள் யாருன்னு பார்க்காமலே முடிவு பண்ணாதீங்க" என்றாள்.

"பார்க்கணுமா? நான் எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன்! நல்ல மனுஷன்டி அவரு, பழகிட்டாரு. வக்கீலெல்லாம் வேண்டாம். நானே நேரா பேசி முடிச்சிடறேன்."

வியாழக்கிழமைக்கு முன்னால் ஒரே ஒரு முறை பாக்கி இருந்தது. வாரை மாட்டிவிட்டு அந்தப் பெண் போகும்வரை காத்திருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"சார், நீங்க யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

திரைக்கு அப்பால் முனகல் நின்றது. "எப்படித் தெரிஞ்சுது?"

"என் தொழிலே அதுதான சார். வியாழக்கிழமை உங்க முன்னாடி நிக்கப்போறவன் நான்தான். அந்தக் கார் கேஸ்."

"நான் யாருன்னு தெரிஞ்ச பிறகும் அந்தக் கேஸைப் பத்தி எங்கிட்டயே பேசறீங்களா?"

"தெரிஞ்சதாலதான் பேசறேன். முடிவு உங்க கையிலதான சார் இருக்கு? நீங்க கொஞ்சம் மனசு வெச்சா எல்லாம் சுமுகமா முடிஞ்சிடும். உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, வக்கீலுக்குக்கூடத் தெரியாம வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்துடறேன்."

திரைக்கு அப்பால் கட்டில் கிரீச்சிட்டது.

"பட்டை விஷயத்தை மட்டும் மறந்துடுங்க சார்" என்றார் வலிமானி. "என் பொழைப்பே அதுலதான் இருக்கு."

"நீங்க சொன்னது எதையும் நான் மறக்கல" என்றார் திரைக்காரர். "ஒரு வார்த்தைகூட. வியாழக்கிழமை பார்க்கலாம்."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட வலிமானி, அன்று ராத்திரி முதல் தடவையாகப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கினார்.

வியாழக்கிழமை பட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கம்பீரமாக வந்தார். மனைவியும் மைத்துனனும் கூட வந்தார்கள். பதறிக்கொண்டிருந்த வக்கீலின் தோளில் தட்டி, "கவலைப்படாதீங்க. கேஸை அவரு வாபஸ் வாங்கிடுவாரு. எல்லாம் பேசியாச்சு" என்றார்.

"யார்கிட்டப் பேசினீங்க?"

"எதிராளிகிட்டதான். பக்கத்துக் கட்டில். தங்கமான மனுஷன்."

வக்கீல் அவரை விநோதமாகப் பார்த்தார். "அவரு நேத்துதான் வெளியூர்லேர்ந்தே வந்தாரு. அதோ, கோடுபோட்ட சட்டை. அவருதான் நீங்க இடிச்ச ஆளு."

கோடுபோட்ட சட்டைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கீச்சுக்குரல். அந்தக் கனத்த குரலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வலிமானியைப் பார்த்தார். யாரோ என்று நினைத்து மறுபடி திட்டப் போய்விட்டார்.

"இவரா? அப்போ அங்க படுத்திருந்தது..."

வலிமானிக்கு வியர்த்துக் கொட்டியது. பட்டைக்குள் வியர்வை இறங்கியது. அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பெஞ்சிலிருந்த எல்லோரும் எழுந்தார்கள். கால் போன போக்கில் உள்ளே போய், கண்ணில் பட்ட ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

கோர்ட் ஊழியர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து நடுவில் இழுத்தார்.

"ஓரமா நிக்காதீங்க சார், நேர் எதிர்ல வந்து நில்லுங்க. எங்க ஜட்ஜய்யாவுக்கு ரெண்டு மாசமா கழுத்து திரும்பாது."