சாயக்காரன் போட்ட புள்ளி

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று, நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஐந்து. புதுவாயலில் எங்கள் வீட்டு மாடி அறையை, கம்பெனி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. ஆனால் கடவுள் படைத்த நிறங்களில் ஒன்றுகூடச் சரியில்லை என்று குறை கண்டுபிடித்தவன் உலகத்திலேயே ஒருத்தன்தான். அவன் என் மாடியில் குடியிருந்தான்.

தெருவில் அவனுக்குச் சாயக்காரன் என்று பேர். துணிக்குச் சாயம் போடுகிறவன் என்று நினைக்க வேண்டாம். கும்மிடிப்பூண்டியில், தொழிற்சாலைகளுக்குச் சாப்ட்வேர் செய்து கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. உள்ளே கணக்குப் போடுவதை எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். அது ஸ்கிரீனில் எப்படித் தெரிய வேண்டும், எந்தப் பட்டன் என்ன நிறம், எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு தடிமனாகக் கோடு என்பதெல்லாம் இவன் பொறுப்பு. தீம் என்று சொல்வார்கள். “சாப்ட்வேருக்குப் பொடவ கட்டி உடற வேலைம்மா” என்பான். ஊருக்கெல்லாம் புடவை கட்டுகிறவன், தான் மட்டும் வருஷம் முழுக்க ஒரே சாம்பல் நிறச் சட்டை. ஒரே சட்டையா, ஒரே மாதிரி பலவா என்பதையே கொடியில் காய்வதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

காய்காரி கூடையை இறக்கினால் போதும், ஒரு கத்திரிக்காயை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடுவான். ஸ்கிரீன் பக்கத்தில் வைத்து முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பான். அவள் கீழே நின்று கத்துவாள்.

“யோவ், நீ காய் வாங்குறியா, பொண்ணு பாக்குறியா?”

“தோ வரேங்கா, இன்னும் கொஞ்சம் கறுப்பு சேக்கணும்.”

ஒரு நாள் நான் செங்கல் நிறப் புடவையில் படியேறிப் போனேன். “யம்மா, அப்டியே நில்லுங்க, அசையாதீங்க” என்றான். நின்றேன். கீழே பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. இவனுக்கு நிறம் கிடைத்துவிட்டது.

எனக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது. அதனால் ஒரு நாள் கேட்டேன்.

“இன்னாதான் நைனா எழுதிக்கினே கீற?”

“மேல ஒரு தபா, கத்திரிக்கான்னா இந்தக் கலருன்னு எழுதிடுவேம்மா. கீழ வர்ற எடத்துலல்லாம் கத்திரிக்கான்னு பேர மட்டும் போட்டுக்கினே போவேன். மேல மாத்துனா எல்லா எடத்துலயும் மாறிடும். ஆனா சாப்ட்வேருக்குக் கத்திரிக்கா இன்னான்னு தெரியாது. அதுக்கோசரம் ஒரு புரோக்ராம்ல உட்டு அரைச்சு, அதுக்குப் புரியற மாதிரி எறக்கணும்.”

“அரிசியும் உளுந்தும் போட்டு மாவு எடுக்கற மாதிரி.”

“கரெக்ட்டும்மா.”

“அப்ப உப்பு எப்ப போடுவ?”

விளையாட்டுக்குக் கேட்டேன். அவன் சாயங்காலம் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டிருந்தான்.

ஒரு தடவை அரைப்பதற்கு முன் ஒரு நிறத்தின் பேரை மாற்றிப் போட்டுவிட்டான். எழுத்தும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை. கணக்கே காணோம் என்று ஒரு கம்பெனியிலிருந்து போன் மேல் போன். இவன் நிதானமாகச் சொன்னான்: “சார், எல்லாம் அங்கியேதான் கீது. கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்.”

என் பெரிய மகன் முருகேசன், ஒரு தொழிற்சாலை வாசலில் லாரிகளை எடை போடும் வே பிரிட்ஜில் வேலை பார்க்கிறான். பிறந்ததிலிருந்தே அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இது எங்கள் வீட்டோடு இருக்கிற விஷயம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் வாய் திறக்கவில்லை. அந்தச் சமயத்தில் அவனுக்கு வேலையில் ஏதோ தொந்தரவு. சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் “ஒன்னுமில்லம்மா” என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயக்காரன் லேப்டாப்போடு கீழே வந்தான். வீட்டில் யார் இருந்தாலும் அவனுக்கு அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும்.

“ண்ணா, இந்தப் புள்ளி ரெண்டும் எப்டி கீது?”

“ரெண்டும் ஒன்னுதானே தம்பி.”

சாயக்காரன் சிரிக்கவில்லை. நேராக என் சமையல்கட்டுக்குள் போய், பச்சை மிளகாயையும் பழுத்த மிளகாயையும் அள்ளி வந்து தரையில் கொட்டினான். “பிரிச்சு வையிங்கண்ணா.” எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“உன் ஆராய்ச்சிக்கு எம்புள்ளதான் கெடச்சானா? எட்றா மொளகாய.”

“இரும்மா” என்றான் முருகேசன். அப்புறம் அவனே சொன்னான். பழைய சாப்ட்வேரில் சுமை அதிகமானால் ஓவர் லோடு என்று எழுத்திலேயே வருமாம். புதிதில் எழுத்தை எடுத்துவிட்டு ஒரு புள்ளி. சரியென்றால் பச்சை, அதிகம் என்றால் சிவப்பு. வண்டிக்கு வண்டி ஏற்றக்கூடிய அளவு வேறு என்பதால் அந்தப் புள்ளியை விட்டால் வேறு வழியில்லை.

“அப்ப எப்டிண்ணா சமாளிச்ச?”

“டிரைவர் மூஞ்சப் பாப்பேன். ‘அண்ணே சாப்டீங்களா’ன்னு சிரிச்சிக்கினே கேட்டா ஓவர் லோடு.”

சிரிக்காத டிரைவர் ஒருவன் அதிகச் சுமையோடு போய்விட்டான். இன்னொரு தபா நடந்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். முருகேசனுக்கு நாற்பத்தெட்டு வயது. கல்லூரியில் படிக்கிற ஒரு பெண், செல்வி. இந்த வயதில் வேறு எந்த வாசலில் போய் நிற்பான்?

சாயக்காரன் மிளகாயைப் பார்த்துக்கொண்டே இருந்தான். “அந்த எழுத்த எடுத்தவன் நான்தாண்ணா. அசிங்கமா கீதேன்னு எடுத்தேன்.”

அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. வாங்கிக்கொண்டு போன சோறு அப்படியே திரும்பி வந்தது. மறுநாள் புதுத் தீம் கொண்டுவந்தான். சரியான வண்டி வெள்ளை வரியில் மெலிசாக வரும். சுமை அதிகம் என்றால் வரி முழுக்கக் கறுத்து, சுற்றித் தடித்த கோடு போட்டு, ஓவர் லோடு என்று பெரிய வெள்ளை எழுத்தில் வரும். நான் கண்ணாடி இல்லாமல் வாசற்படியிலிருந்து பார்த்தேன். எனக்கே தெரிந்தது.

அதற்கு வெயில் தீம் என்று பேர் வைத்து, அவனே நேரில் போய் சூப்பர்வைசரிடம் காட்டினான். முருகேசன் பேச்சையே எடுக்கவில்லை. அவர் நண்பகல் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாராம். “இப்பதான்யா எனக்கே ஒழுங்கா தெரியுது. எல்லா கேட்டுக்கும் போடு” என்றாராம். அன்று ராத்திரி முருகேசன் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினான்.

சாயக்காரன் இப்போது பெங்களூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். ஆனால் எந்தத் தீம் செய்தாலும் முதலில் முருகேசன் போனுக்குத்தான் படம் வருகிறது. இவன் ஆபீசர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்கிறான்: “எனக்குத் தெரில தம்பி. மாத்து.”

அதைச் சொல்ல என் பிள்ளை இத்தனை வருஷம் வெட்கப்பட்டவன். இதை எழுதலாமா என்று கேட்டதற்கும், “எழுதும்மா, இன்னா இப்போ” என்றுவிட்டான்.

செல்வி, இங்க வா கண்ணு. பாட்டி எழுதுனத ஒரு தபா படிச்சுக் காட்டு. சாயக்காரன்னு வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா படி.