சுரீருக்குச் சாட்சி

எங்கள் அலுவலகத்து டைப்பிஸ்ட் அக்காவுக்கு வலது கை மரத்துப்போனது. கட்டைவிரலிலும் பக்கத்து இரண்டு விரல்களிலும் எறும்பு ஊர்கிறது, மகளுக்குச் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை, மூன்று வாரம் ஓய்வு வேண்டும் என்று விண்ணப்பித்தார். விண்ணப்பத்தை அவரே டைப் செய்திருந்ததால், "கை நல்லாத்தானே வேலை செய்யுது?" என்று கண்காணிப்பாளர் முதல் ஆட்சேபணையைத் தெரிவித்தார்.

அலுவலக டாக்டர் வந்தார். அக்காவின் மணிக்கட்டில் விரலால் இரண்டு தட்டு தட்டினார். அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"விரல் நுனிவரைக்கும் சுரீர்னு இழுக்குது டாக்டர்!"

பிறகு இரண்டு புறங்கைகளையும் ஒட்டி, மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிஷம் வைக்கச் சொன்னார். அரை நிமிஷத்திலேயே விரல்கள் மரத்தன. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

கண்காணிப்பாளர் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"சுரீர்னு இருந்தது யாருக்கு?"

"அவங்களுக்குத்தான்."

"விண்ணப்பதாரர் தனக்குத் தானே சாட்சி சொல்ல விதியில்ல. நீங்க பாத்தீங்களா?"

"சுரீரை எப்படி சார் பாக்க முடியும்?"

"சரி, காதால கேட்டீங்களா?"

மேற்படி சுரீரை நேரில் கண்டறிய மூவர் குழு அமைக்கப்பட்டது. அதில் நானும் ஒருவன். பத்து நாள் முறைவைத்துத் தட்டினோம். ஒவ்வொரு தட்டுக்கும் அக்கா துள்ளினார். "விண்ணப்பதாரர் துள்ளினார், சுரீர் தென்படவில்லை" என்று நாணயமாகப் பதிவு செய்தோம்.

பதினோராம் நாள் டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், ஒப்பீட்டுக்கு உங்க கையைக் கொடுங்க."

கண்காணிப்பாளர் கொடுத்தார். டாக்டர் தட்டினார். கண்காணிப்பாளர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"ஐயோ, சுரீர்!"

முப்பது வருஷம் ஓயாமல் ஆட்சேபணை எழுதிய கை அது. பொறுப்புள்ள அதிகாரி ஒருவரே நேரில் உணர்ந்த சுரீர் என்பதால் மேற்கொண்டு சாட்சி தேவைப்படவில்லை. மாலைக்குள் அவருக்கு மூன்று மாத ஓய்வு கிடைத்தது. அக்காவின் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டியவர் ஓய்வில் இருப்பதால், அது நிலுவையில் வைக்கப்பட்டது.

"அப்ப என் கை, சார்?" என்று அக்கா கேட்டார்.

"மூணு மாசம் பத்திரமா வச்சுக்கம்மா. வந்து பாக்குறேன்."

பூங்கொத்து கொடுத்து அவரை வழியனுப்பினோம். எங்களில் சிலருக்குக் கண்கூடக் கலங்கியது. பாராட்டு மடலை அக்காதான் இடது கையின் ஒற்றை விரலால் டைப் செய்திருந்தார். அதில் 'மதிப்புக்குரிய' என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

"இந்தம்மாவுக்கு வேலையில அக்கறையே இல்ல" என்று முதலில் சொன்னவன் நான்தான். மற்றவர்கள் எல்லோரும் சாட்சி.