கீரி எடுத்த டிக்

ஒரு காட்டில் ஒரு கீரி இருந்தது. நல்ல கீரியா என்று கேட்க வேண்டாம். கெட்டிக்காரக் கீரி.

ஒரு புற்றில் குடியிருந்தது. யார் எங்கே குடியிருந்தாலும் பதிவு செய்ய வேண்டும் என்று சிங்கம் சட்டம் போட்டுவிட்டது. மனுவை மெயிலில் அனுப்ப வேண்டும், வீட்டின் போட்டோவை அதோடு இணைக்க வேண்டும். கீரியும் அனுப்பியது. மூன்று வாரம் பதில் இல்லை. கடைசி நாள் வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் சீல் விழாவிட்டால், அதே புற்றுக்கு அடுத்து மனு போட்டவருக்கு அது போய்விடும். அடுத்த மனு நாகப்பாம்புடையது.

கீரி ஆபீசுக்கு ஓடியது.

ஆபீசில் தேவாங்கு மேடம். காட்டிலேயே பெரிய கண். எதையும் பார்த்ததில்லை. மேடத்தின் கம்ப்யூட்டரை வாங்கியபோது இப்போதைய சிங்கத்தின் தகப்பனுக்கே பிடரி முளைத்திருக்கவில்லை.

"உங்க மெயில் வந்திருக்கு. இணைப்பு இருக்குன்னு கிளிப் தெரியுது. அமுக்கினா திறக்கல, சாம்பல் நிறத்துல கிடக்கு."

"அப்ப என் மனு?"

"கிளிப் தெரியுதுல்ல, போதும். இங்க யாரோடதும் திறந்ததில்ல. சீல் போட்டுத் தர்றேன், கிளம்புங்க."

கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. நாலு நாள் வெயில் பார்த்து, மீசை வாரி, வாசலில் நின்று எடுத்த போட்டோ. யாரும் பார்க்காமலே சீலா?

"கொஞ்சம் நகருங்க மேடம்."

மெயில் சாஃப்ட்வேரின் செட்டிங்ஸுக்குள் போனது. பாதுகாப்பு என்று ஒரு பக்கம். 'வைரஸ் இருக்கக்கூடிய இணைப்புகளைத் திறக்காதே' என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு டிக், எந்தக் காலத்திலோ எவரோ போட்டது. கீரி அதை எடுத்தது. மெயிலை மூடி மறுபடி திறந்தது. போட்டோ திரை முழுக்க விரிந்தது.

தேவாங்கு பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணாடி போட்டது.

"மீசை நல்லா வந்திருக்கு."

"சும்மாவா மேடம்."

"பின்னால வரிசையா மண்ணு தூக்கிட்டுப் போறது யாரு?"

கீரி குனிந்து பார்த்தது. "கரையான்."

"மனுவுல 'கட்டியவர்: நானே'ன்னு போட்டிருக்கீங்களே?"

"எல்லாரும் அப்படித்தானே மேடம் போடுறாங்க."

"போடட்டும். நான் பார்க்கலையே. இப்பப் பார்த்துத் தொலைச்சிட்டேன். எப்படிச் சீல் போடுவேன்?"

மனு தள்ளுபடி. மணி நாலே முக்கால்.

அடுத்து, பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த நாகம். அதன் மனுவிலும் 'கட்டியவர்: நானே' தான்.

"மேடம், முதல்ல அந்த டிக்கைப் போடுங்க. வைரஸ் வந்துரப் போகுது" என்றது நாகம் பணிவாக.

"நல்லவேளை சொன்னீங்கண்ணே."

டிக் விழுந்தது. கிளிப் சாம்பலானது. சீலும் விழுந்தது.

ஐந்து மணிக்கு நாகம் புற்றுக்குள் போனது. கீரி வெளியே நின்றது. கீரி பாம்பைக் கடித்துப்போடுமே என்பீர்கள். சீல் விழுந்த பாம்பை எப்படிக் கடிப்பது?

கரையான்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

நீதி: திறக்காத கோப்பில் எல்லோரும் யோக்கியர். ரிப்பேர் தெரிந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவும்.